வெள்ளையடிக்கும் நாட்களில் நோயாளியும் வளரிளம் பிள்ளையும்

மார்கழி பாதி கழிந்ததும் வள்ளூரிலும் அதனைச் சூழ்ந்த அத்திப்பட்டு, மீஞ்சூர், எண்ணூர் ஊர்களிலும் வீடுகள் தலைகீழாகப் புரட்டப்படுகின்றன. பரணில் இருந்தவை கீழே இறங்குகின்றன, சுவர்கள் சுரண்டப்படுகின்றன, கொல்லையில் சுண்ணாம்பு ஊறுகிறது. ராயபுரம், காசிமேட்டுப் பக்கம் கிறிஸ்துமஸை முன்னிட்டு இதே வேலை சில வாரங்களுக்கு முன்பே முடிந்திருக்கும். ரம்ஜான் நெருங்கும்போது வண்ணம் பூசும் வீடுகளும் உண்டு. பண்டிகை எதுவாயினும் வேலையின் இயல்பு ஒன்றே. அவ்வேலையில் ஏணி ஏறுபவரும், மூட்டை தூக்குபவரும், குப்பையைக் கொளுத்தப் புறப்படுபவரும் பெரும்பாலும் வீட்டிலுள்ள வளரிளம் பருவத்துப் பிள்ளைகளே. அதே வீட்டின் உள்ளறையில், அண்மையில் மருத்துவமனையிலிருந்து திரும்பிய ஒருவர் படுத்திருக்கிறார்.

இவ்விருவரையும் ஒருசேர மனத்தில் வைத்து வேலையைத் திட்டமிடுவது எவ்வாறு என்பதே இம்மாதப் பாடம். வெள்ளையடிக்க வேண்டாம் என்றோ, போகி கொண்டாட வேண்டாம் என்றோ இங்கே சொல்லப்போவதில்லை. சுத்தமான சுவர் நோயாளிக்கும் நல்லது. ஆண்டுக்கொருமுறை வீடு புதுப்பொலிவு பெறுவது சோர்ந்திருக்கும் குடும்பத்துக்கு மருந்துக்கு நிகரான ஒன்று. ஆனால் அந்த வேலையிலிருந்து எழும் தூசியும் ஆவியும் புகையும் யார் நுரையீரலுக்குள் போகின்றன என்பதை முன்கூட்டியே யோசித்தாக வேண்டும்.

மார்கழிக் காற்றின் குணம்

நம் பகுதியின் காற்றைப் பற்றி முதலில் சிறிது தெரிந்துகொள்வோம். வள்ளூர் அனல் மின் நிலையத்தில் தலா 500 மெகாவாட் திறனுள்ள 3 அலகுகள் உள்ளன. அருகிலேயே வடசென்னை அனல் மின் நிலையம் இருக்கிறது. காமராஜர் துறைமுகத்தில் நிலக்கரி இறங்குகிறது. மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிலும். இவை அனைத்தையும் இணைக்கும் சாலைகளில் இரவும் பகலும் கனரக லாரிகள். இங்கு வாழ்பவரின் மூச்சுக்குழல், வீட்டில் ஒரு தூசியும் கிளம்பாத நாளிலும், ஏதோ ஒரு சுமையைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பண்டிகை வேலையின் தூசி அதன் மேல் ஏறும் கூடுதல் சுமை.

காலமும் நமக்குச் சாதகமாக இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை சுவர்களை நனைத்துவிடுகிறது. அந்த ஈரம் காயுமுன்பே மார்கழி வந்துவிடுகிறது. மார்கழி விடியற்காலையில் தரை குளிர்ந்திருக்கும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கிடக்கும். அதற்கு மேலே சற்று வெப்பமான காற்று மூடிபோல அமர்ந்திருக்கும். காற்று அசையாத அந்த வேளையில் புகை மேலே எழுந்து கலைவதில்லை. தெருவிலேயே, மனிதரின் மூக்கு உயரத்திலேயே தங்கிவிடுகிறது. போகி, மார்கழியின் கடைசி நாள் விடியலில் வருகிறது. ஓராண்டில் புகை கலைவதற்கு மிகக் கடினமான நேரங்களுள் அதுவும் ஒன்று. 2018 ஜனவரி 13 அன்று போகிப் புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமற் போனது பலருக்கு நினைவிருக்கும். விமானியின் கண்ணை மறைத்த அந்தப் புகை, கீழே இருந்த ஒவ்வொரு ஆஸ்துமா நோயாளியின் மார்புக்குள்ளும் போயிற்று என்பதை அவ்வளவாக யாரும் பேசவில்லை.

புகையில் உள்ள நுண்துகள்களில் 2.5 மைக்ரானுக்கும் குறைந்தவையே நுரையீரலின் அடியாழம் வரை செல்பவை. நம் தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான் தடிமன் கொண்டது என்றால் இத்துகளின் சிறுமையை ஊகித்துக்கொள்ளலாம். ஒரு கனமீட்டர் காற்றில் இவை 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2009-இல் வகுக்கப்பட்ட இந்தியத் தர அளவு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த அளவு 15 மட்டுமே. கைக்குட்டையோ, சாதாரணத் துணி முகக்கவசமோ இத்துகளைத் தடுப்பதில்லை. முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் என்-95 வகைக் கவசம் பெருமளவு தடுக்கும். ஆனால் மூச்சுத் திணறல் உள்ள முதியவர் அதை நெடுநேரம் அணிவது கடினம். அவருக்குப் புகையிலிருந்து விலகியிருப்பதே பாதுகாப்பு.

சுண்ணாம்பு

வெள்ளையடிப்பு வேலையில் கண்ணுக்கு நேரும் ஆபத்துகளுள் முதன்மையானது சுண்ணாம்பு. கடற்சிப்பியையும் கிளிஞ்சலையும் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் கலையில் இந்தக் கடற்கரை ஒரு காலத்தில் பெயர்பெற்றது. சலவைக்கல் போல மின்னிய சென்னைச் சுண்ணாம்புப் பூச்சை அயல்நாட்டார் வியந்து எழுதியிருக்கின்றனர். இன்று எமல்ஷன் வண்ணம் வந்துவிட்டாலும், மதிற்சுவர், மாட்டுக்கொட்டில், மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் ஆகியவற்றுக்குச் சுண்ணாம்பே போதும் என்று கருதும் வீடுகள் நிறையவே உள்ளன.

சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் கொதிக்கும். இது பள்ளி வேதியியல் பாடத்தில் பிள்ளைகள் படிப்பதுதான். கால்சியம் ஆக்சைடு நீரோடு சேர்ந்து கால்சியம் ஹைட்ராக்சைடாக மாறும்போது வெப்பம் வெளிப்படுகிறது. வாயகன்ற பாத்திரத்தில் நீரை முதலில் வைத்து, சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். கற்கள் நிறைந்த வாளியில் ஒரு குவளை நீரை ஊற்றினால் கொதிக்கும் குழம்பு முகத்தில் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி உருகிவிடவும் கூடும். குனிந்து கிளறுபவரின் முகம் வாளிக்கு நேராக இருக்கலாகாது. கண்ணாடி அணிந்திருத்தல் வேண்டும். மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது அணியும் கண்ணாடியோ, கடையில் மலிவாகக் கிடைக்கும் பாதுகாப்புக் கண்ணாடியோ போதும்.

ஊறித் தணிந்த சுண்ணாம்பும் கடும் காரத்தன்மை உடையதே. அமிலம் கண்ணில் பட்டால் மேற்பரப்புத் திசுவை உறையச் செய்து, தானே தனக்கொரு தடையை ஓரளவு ஏற்படுத்திக்கொள்கிறது. காரம் அப்படி நிற்பதில்லை. திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே உள்ளே செல்கிறது. சுண்ணாம்புத் துணுக்கு ஒன்று இமைக்கு அடியில் ஒட்டிக்கொண்டால் அது அங்கிருந்தே நெடுநேரம் காரத்தைக் கசியவிடும். ஆகவே முதல் சில நிமிடங்களில் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தே பார்வை தங்குமா என்பது அமையும்.

செய்ய வேண்டியது ஒன்றே: உடனே நீர். குழாயடிக்கோ வாளிக்கோ அழைத்துச் சென்று, இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, குறைந்தது 15 முதல் 30 நிமிடங்கள் வரை நல்ல நீரை இடைவிடாது கண்ணில் ஓடவிட வேண்டும். மேலிமையின் அடியில் வெள்ளைத் துணுக்கு தெரிந்தால் நனைந்த சுத்தமான துணியின் முனையால் மெல்ல எடுத்துவிட வேண்டும். தேய்க்கக் கூடாது. எண்ணெய், நெய், தாய்ப்பால், வெல்லநீர் இவற்றை விடும் வழக்கம் இன்னமும் சில வீடுகளில் உள்ளது; அவை எல்லாம் நீர் ஓடவேண்டிய நேரத்தைத் திருடுபவை. வேறு மருந்தைத் தேடி ஓடவும் வேண்டாம். கழுவி முடித்தபின்பே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். வலி குறைந்துவிட்டது என்று நின்றுவிடலாகாது. காரப் புண்ணில் வலி குறைவது நல்ல அறிகுறி அன்று, நரம்பு மரத்துப்போயிருக்கலாம். எழும்பூரில் 1819 முதல் இயங்கிவரும் அரசு கண் மருத்துவமனை நம் பகுதியிலிருந்து ரயிலிலேயே செல்லக்கூடிய தொலைவில் இருக்கிறது. கண்ணில் பட்டது சுண்ணாம்பு என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு டப்பாவைக் குழந்தைகள் பிதுக்கி விளையாடும்போதும் இதே விபத்து நேர்கிறது. பாட்டியின் செல்லப்பெட்டியையும் சற்றே உயரத்தில் வையுங்கள்.

சுரண்டும் வேலை

வண்ணம் பூசுவதைவிடச் சுரண்டுவதே நோயாளிக்குக் கேடு. கடலோரக் காற்றில் சுவர் உப்புப் பூத்துப் பொரிகிறது. அதை உலர்ந்த நிலையில் கரண்டியால் சுரண்டினால் வீடு முழுதும் மாவு பறக்கும். கதவு, ஜன்னல், இரும்புக் கிராதி ஆகியவற்றின் பழைய எனாமல் பூச்சைப் பற்றி இன்னும் கவனம் தேவை. வீட்டு உபயோக வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-இல் இயற்றப்பட்டு 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும் என்று கொள்வதே அறிவுடைமை. ஈயத்தில் இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவுமில்லை. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும், வயிற்றில் வளரும் சிசுவுக்கும் அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எனவே பழைய எனாமலைத் தீயால் பொசுக்கி எடுக்க வேண்டாம். உப்புத்தாளை நீரில் நனைத்து, பரப்பையும் நனைத்துத் தேயுங்கள். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்த பிள்ளை குளித்து உடை மாற்றிய பின்பே தம்பி தங்கையைத் தூக்கலாம்.

ஈரச் சுவரில் பூஞ்சை கறுத்துப் படர்ந்திருந்தால் அதன் மேல் வண்ணம் அடிப்பது வீண் செலவு. மூன்றே மாதத்தில் உள்ளிருந்து மீண்டும் தலைகாட்டும். சுவர் காய்ந்துவிட்டதா என்றறிய எளிய வழி உண்டு. ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் நாடாவால் சுவரில் ஒட்டி ஒருநாள் விட்டுவைத்துப் பாருங்கள். தாளின் உட்புறம் நீர் முத்துகள் கட்டியிருந்தால் சுவர் இன்னும் ஈரம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்ப் பகுதியில் வீடுகளுக்குள் புகுந்தது. அத்தகைய சுவரில் சோப்பு நீரால் கறையை முற்றிலும் நீக்காமல் எந்தப் பூச்சும் நிற்காது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர், சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றவர், நெடுங்காலம் ஸ்டீராய்டு உட்கொள்பவர் ஆகியோர் பூஞ்சை துடைக்கும் நாளில் அந்த வீட்டிலேயே இராமல், உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. இவர்களின் உடலில் பூஞ்சை நுரையீரல் நோயாகவே வேரூன்றக்கூடும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஓடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. உடையாமல் இருக்கும் ஓடு உடனடித் தீங்கு செய்வதில்லை; அறுப்பதும், துளையிடுவதும், உடைத்து எறிவதும்தான் அதன் இழையைக் காற்றில் பரப்புகின்றன. அந்த இழையால் வரும் புற்றுநோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகலாம். அலங்கார விளக்கைத் தொங்கவிட ஓட்டில் துளை போட வேண்டாம், கம்பியால் கட்டிக்கொள்ளலாம்.

கழிவறையைத் தேய்க்கும் பொறுப்பு பிள்ளையிடம் வரும்போது பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது என்பதைச் சொல்லியே அனுப்புங்கள். கலந்தால் குளோரின் வாயு எழும். கதவை மூடிக்கொண்டு தேய்ப்பவருக்கு வெளியே வர நேரம் இருக்காது. தின்னரும் டர்பென்டைனும் குளிர்பான பாட்டிலில் ஊற்றிவைக்கப்படுவது நம் வீடுகளின் தீராத பழக்கம். தெரியாமல் யாரேனும் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; வாந்தியின்போது அது நுரையீரலுக்குள் இறங்கும். பாட்டிலோடு மருத்துவமனைக்கு வாருங்கள். வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரோ சிலிண்டரோ இருக்குமாயின் தின்னர் அந்தக் கூரையின் கீழேயே வரக் கூடாது. நோயாளியின் அறைக்கு நீரில் கரையும் எமல்ஷன் போதும். அதை முதலில் பூசி முடித்து, ஜன்னல்களைத் திறந்துவைத்து, இரண்டு மூன்று நாள் வாடை அடங்கிய பின் அவரை அங்கே கொண்டுவந்துவிட்டு, மற்ற அறைகளுக்குச் செல்லுங்கள். பல வீடுகளில் வரவேற்பறையே முதலில் மெருகேறுகிறது. நோயாளி அறைக்கு அறை நகர்த்தப்படுகிறார். விருந்தினர் கண்ணைவிட அவருடைய மூச்சு பெரிது.

பரணிலிருந்து இறங்கும் காகிதங்கள்

மருத்துவமனைக்கு வெளியே இருப்பவர்கள் எண்ணிப் பார்க்காத ஓர் இழப்பு போகியன்று நிகழ்கிறது. பழையவற்றைக் கழிக்கும் வேகத்தில் டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய இசிஜி, எக்ஸ்ரே, பயாப்சி முடிவு, தடுப்பூசி அட்டை எல்லாம் நெருப்புக்குப் போய்விடுகின்றன. மாரடைப்பு ஐயத்தோடு வருபவரின் இன்றைய இசிஜியைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மருத்துவரின் முதல் வேலைகளுள் ஒன்று. பழையது இல்லையெனில் புதிய மாற்றம் எது, முன்பே இருந்த மாற்றம் எது என்று பிரித்தறிவது கடினமாகிவிடும். இங்கே வளரிளம் பிள்ளையின் திறமை பெரிதும் பயன்படும். எல்லாக் காகிதங்களையும் தேதி வாரியாக அடுக்கி, கைபேசியில் படமெடுத்து, குடும்பத்தில் இருவரிடம் சேமித்துவைக்கும் வேலையை அவனிடமோ அவளிடமோ ஒப்படையுங்கள். ஓர் அரைநாள் வேலை அது. தாத்தாவின் நோய் வரலாற்றை அந்தப் பிள்ளை முதன்முறையாக முழுமையாக அறிந்துகொள்வதும் அப்போதுதான்.

காலாவதியான மருந்துகளையும் தீயிலிட வேண்டாம். தீர்ந்துபோன இன்ஹேலர் குப்பி, வாசனைத் தெளிப்பான் டப்பா ஆகியவை அழுத்தமூட்டப்பட்டவை. வெறுமையானவை போலத் தோன்றினாலும் நெருப்பில் வெடிக்கும். இன்சுலின் ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் மூடி எடுத்துவந்து மருத்துவமனையில் சேர்ப்பித்துவிடுங்கள்.

போகியும் பிள்ளைகளும்

கோரைப்பாய், பனையோலைக் கூடை, தேய்ந்த துடைப்பம் இவை எரிந்த காலத்துப் போகி வேறு. டயரும் பிளாஸ்டிக்கும் பஞ்சுமெத்தையும் எரியும் போகி வேறு. டயர் எரிந்தால் கந்தக வாயுவும், கார்பன் மோனாக்சைடும், புற்றுநோய் ஊக்கும் ஹைட்ரோகார்பன்களும் வெளியாகும். பிவிசி பிளாஸ்டிக் எரிந்தால் அமில ஆவியும் டையாக்சினும். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இவற்றை எரிக்க வேண்டாமென ஒவ்வோர் ஆண்டும் கேட்டுக்கொள்கிறது. அறிக்கை வருகிறது, விடியற்காலை நான்கு மணிக்குத் தெருமுனையில் டயரும் வருகிறது. உருட்டி வருபவர்கள் நம் பிள்ளைகள்தாம்.

உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரையான பருவத்தை வளரிளம் பருவம் என வரையறுக்கிறது. இப்பருவத்தில் மூளையின் மகிழ்ச்சியை நாடும் பகுதிகள் விரைந்து முதிர்கின்றன. பின்விளைவை எடைபோடும் முன்பகுதி இருபது வயதைக் கடந்தும் வளர்ந்துகொண்டிருக்கிறது. தனியே இருக்கும்போது நிதானமாக முடிவெடுக்கும் அதே பிள்ளை, நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கையில் துணிந்து ஆபத்தை ஏற்கிறான் என்பது ஆய்வுகளில் பலமுறை காணப்பட்ட ஒன்று. ஆகவே போகியன்று விடியலில், மேளச் சத்தத்துக்கு நடுவே, நண்பர்கள் முன்னிலையில் "டயரைக் கீழே போடுடா" என்று அதட்டுவது பயனற்றது. அவமானம் மட்டுமே மிஞ்சும். பேச வேண்டிய நேரம் அதற்கு ஒரு வாரம் முன்பு, பேச வேண்டிய இடம் வீட்டுத் திண்ணை. பேசுவதும் அறிவுரையாக இராமல் கணக்காக இருக்கட்டும். தாத்தாவுக்கு நடக்கும்போது ஆக்சிஜன் அளவு எவ்வளவு, புகை நாளில் எவ்வளவு, அது 90-க்குக் கீழே இறங்கினால் என்னவாகும் என்று விரலில் மாட்டும் கருவியைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். தானே அளந்து பார்த்த எண்ணை எந்தப் பிள்ளையும் அலட்சியம் செய்வதில்லை.

தடுப்பது மட்டும் போதாது, வேறொன்றைத் தர வேண்டும். போகி மேளம் அடிப்பதில் ஒருவருக்கும் தீங்கில்லை. இதயநோயாளி உறங்கும் ஜன்னலை விட்டுச் சற்று விலகி அடித்தால் ஆயிற்று. தெருப் பிள்ளைகளிடம் சேரும் டயரையும் பிளாஸ்டிக்கையும் பழைய பொருள் வாங்கும் கடையில் விற்று, அந்தக் காசைப் பொங்கலன்று அவர்களே செலவழிக்கட்டும். காசு கைக்கு வரும் வழி தெரிந்துவிட்டால் நெருப்பின் கவர்ச்சி பாதி குறைந்துவிடும். பதினைந்து வயதின் நியாயங்கள் அப்படிப்பட்டவை.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஆண்பிள்ளை தெருவுக்குப் போகிறான். பரண் தூசியையும் படுக்கைத் தூசியையும் தட்டுபவள் பெரும்பாலும் மகள். நாலைந்து நாள் அடைத்த அறையில் தூசி தட்டும் அவளுடைய இருமலை "சளி" என்று கடந்துவிடுகிறோம். வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளை மகளாயின், துடைப்பம் தம்பி கைக்குப் போகட்டும். அவள் வண்ணக் கடைக்குச் சென்று டப்பாவின் மேல் ஈயம் பற்றிய குறிப்பைப் படித்துத் தேர்ந்து வாங்கி வரட்டும்.

சட்டைப்பையிலிருந்து வெளியே வராத இன்ஹேலர்

நம் மருத்துவமனைக்கு 'வீசிங்' என்று வரும் வளரிளம் பிள்ளைகளில் பலருக்கு மருந்து இல்லாமலில்லை, எடுத்துக்கொள்ள வெட்கம். குழந்தையாக இருந்தபோது தாய் ஸ்பேசர் வைத்துக் கொடுத்தாள். பதினான்கு வயதில் அது நண்பர்களுக்கு முன் குறைபாட்டின் அடையாளமாகத் தோன்றுகிறது. பெற்றோரோ, இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற வீண் அச்சத்தில், இருமல் நின்றவுடன் நிறுத்திவிடுகின்றனர். இரண்டும் சேர்ந்து போகி விடியலில் அவசரச் சிகிச்சைப் பிரிவில் கொண்டுவந்து விடுகின்றன.

இன்ஹேலர் இரு வகை. மூச்சுக்குழலின் வீக்கத்தை நாள்தோறும் சிறிது சிறிதாகத் தணித்துவைப்பது ஒன்று. நலமாக இருக்கும் நாளிலும் அதை எடுக்க வேண்டும், எடுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும். இறுகிய குழலை உடனே தளர்த்துவது மற்றொன்று. பின்னது மட்டுமே தேவைப்படும்போதெல்லாம் எடுக்கப்பட்டு, முன்னது மறக்கப்படுமானால், நோய் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் நிவாரண இன்ஹேலர் தேவைப்பட்டாலோ, இரவில் இருமலால் விழிப்பு வந்தாலோ, நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள். போகிக்குக் காத்திராமல் மருத்துவரைக் காணுங்கள். "மருந்து போட்டாயா?" என்று கேட்டால் "போட்டேன்" என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் எத்தனை இரவு விழித்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள், உண்மை வெளிவர அது எளிய வாசல்.

வேலை நடக்கும் வாரத்தில் நிவாரண இன்ஹேலர் பிள்ளையின் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். இன்னொன்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில். திணறல் வந்தால் படுக்கவைக்காமல் நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பேசர் வழியாக மருத்துவர் எழுதித் தந்த அளவில், ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் சில மூச்சு இடைவெளி விட்டுக் கொடுங்கள். ஒரு வாக்கியத்தை முடிக்க இயலாமல் நின்று நின்று பேசினாலோ, விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பேருந்துக்கோ ஆட்டோவுக்கோ அலையாமல் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை இன்ஹேலரை நிறுத்த வேண்டியதில்லை.

ஒரே வீட்டில் நோயும் பண்டிகையும்

வீட்டில் ஒருவர் நோயுற்றிருக்கையில் "இந்த ஆண்டு ஒன்றும் வேண்டாம்" என்று முடிவுசெய்யும் குடும்பங்கள் உண்டு. அதன் காரணம் புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும் நோயாளி அதைத் தம்மால் வந்த இழப்பு என எடுத்துக்கொள்கிறார். பிள்ளைகளோ வாய்விட்டுச் சொல்லாமல் உள்ளுக்குள் சினம் கொள்கின்றனர், பின்னர் அந்தச் சினத்துக்காகத் தம்மையே நொந்துகொள்கின்றனர். தந்தையின் டயாலிசிஸுக்குத் துணை போகும் மகனும், தாயின் கட்டை மாற்றக் கற்றுக்கொண்ட மகளும் மார்ச்சில் பொதுத்தேர்வும் எழுத வேண்டியவர்கள். அவர்களுக்கு ஒருநாள் பண்டிகை தேவை. அன்றைக்கேனும் நோயாளியைக் கவனிக்கும் முறையைச் சித்தப்பாவோ அத்தையோ ஏற்றுக்கொள்ளட்டும். பிள்ளை பல வாரங்களாக உறக்கமின்றி, உணவில் நாட்டமின்றி, யாரோடும் பேசாமல் இருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு 1098 உண்டு.

நோயாளியைப் பண்டிகையில் சேர்ப்பதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. பொங்கல் பானை விறகடுப்பில் வாசலில் ஏறுமானால், காற்று எத்திசையில் வீசுகிறது என்று பார்த்து அதற்கு எதிர்ப்புறம் அவருடைய நாற்காலியைப் போடுங்கள். நுரையீரல் நோய் உள்ளவராயின் ஜன்னலுக்கு உள்ளிருந்து பார்க்கட்டும். பானை பொங்கும் தருணத்தில் குரல் கொடுக்கும் உரிமை அவருக்கே இருக்கட்டும். அவருடைய அறைச் சுவரின் வண்ணத்தை அவரும் பேரப்பிள்ளையும் சேர்ந்து தேர்வு செய்யட்டும். பிள்ளை அடர்நீலம் கேட்பான், தாத்தா வெளிர்பச்சை கேட்பார். அந்த வழக்கு இரண்டு நாள் நடந்தாலும் நல்லதே.

படையல் முடியும்வரை உண்ணாதிருப்பது இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவருக்கு ஆகாது. மருந்தை எடுத்துவிட்டு உணவைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை சரிந்து மயக்கம் வரும். அவர் உரிய நேரத்தில் உண்டுவிட்டுப் படையலில் கலந்துகொள்ளலாம். சர்க்கரைப் பொங்கல் இரண்டு கரண்டி, அதற்கேற்பச் சோறு குறைவு. சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவருக்கு வாழைப்பழமும் இளநீரும் பொட்டாசியத்தை ஏற்றி இதயத்துடிப்பைக் கெடுக்கக்கூடியவை. அன்பு மிகுதியால் விருந்தினர் ஊட்டிவிடுவதைத் தடுக்கும் காவலராகப் பிள்ளையை நியமியுங்கள், இப்பணியை அவர்கள் மிக உற்சாகமாகச் செய்வார்கள்.

பொங்கல் முதல் காணும் பொங்கல் வரை மருந்துக் கடைகள் பல மூடியிருக்கும். இன்ஹேலர், இன்சுலின், இரத்த அழுத்த மாத்திரை, வலிப்பு மாத்திரை ஆகியவற்றைப் போகிக்கு முன்பே பத்து நாட்களுக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் நாள் பண்டிகையில் விழுமானால், தவிர்த்துவிடாமல், முந்தைய வாரமே பிரிவில் கேட்டு மாற்று நாளை உறுதி செய்துகொண்டு, அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.